ஹாப்ஸ் தூளை வடிகட்டப் போய் பீரைக் கெடுக்காதீர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, கோலகங்சார் பக்கத்திலிருந்து, வீட்டில் பீர் காய்ச்சுகிற ஒரு தம்பி கூப்பிட்டான். காய்ச்சிய பீரைக் கெக்குக்கு, அதாவது அழுத்தத்தோடு அடைத்து வைக்கும் பீப்பாய்க்கு, மாற்றிக்கொண்டிருந்தான். "அண்ணே, கெக்குல முக்கால்வாசி நுரைதான் இருக்கு. இப்ப அதுவும் வரமாட்டேங்குது." நான் கேட்டது ஒன்றுதான்: "நடுவுல வடிகட்டி வெச்சியா?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

சுங்கை சிப்புட்டில் என் வீட்டுப் பின்கட்டில் நானும் இதே கூத்தை நடத்தியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பாத்திரத்தைக் கழுவு, கிருமிநீக்கி போடு என்பதையெல்லாம் சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் பீருக்கு வாசனை தரும் ஹாப்ஸ் பூ வரைக்கும் வந்திருக்கமாட்டார்.

குழாயின் நடுவில் வடிகட்டி

எங்கள் அம்மா பால்மரம் வெட்டியவர். ஸ்டோரில் வாளிப் பாலைச் சல்லடையில் ஊற்றி இலை, பட்டை, கட்டியெல்லாம் பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தூசி இருந்தால் வடிகட்ட வேண்டியதுதானே என்று பீருக்கும் அப்படியே நினைத்துவிட்டேன். ரப்பர் பாலில் பீர் மாதிரி கேஸ் (கரியமில வாயு) கிடையாது என்பது மண்டையில் ஏறவில்லை.

அன்று பெர்மென்டரில், அதாவது நொதிக்க வைக்கும் கலத்தில், 19 லிட்டர் பீர். 200 கிராம் ஹாப்ஸ் போட்டிருந்தேன். வில்லையாக வரும் ஹாப்ஸ் பீரில் பட்டதும் கரைந்து பச்சைச் சேறாகிவிடும். அந்தச் சேறு கெக்குக்குள் போகக்கூடாது என்று, ஹார்ட்வேர் கடையில் வாங்கிய தண்ணீர் வடிகட்டியைக் குழாயின் நடுவில் மாட்டினேன். பெர்மென்டரில் 12 பிஎஸ்ஐ அழுத்தம். அந்தப் பக்கம் கெக் காலி, மூடி வால்வு திறந்தே இருக்கிறது. முதல் ஒரு நிமிடம் தங்கம் போல வந்தது. அப்புறம் நுரை. அப்புறம் ஒன்றுமே இல்லை.

நடந்தது இதுதான். 4 டிகிரி குளிரில், 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில், ஒரு லிட்டர் பீருக்குள் சுமார் இரண்டரை லிட்டர் கேஸ் அடங்கிக் கிடக்கும். அழுத்தம் இருக்கும்வரைதான் அந்த அடக்கம். வடிகட்டிக்கு முன்னால் 12, பின்னால் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால், வடிகட்டியைத் தாண்டும் இடத்திலேயே கேஸ் பீரை விட்டுப் பிரிகிறது. வலையின் ஒவ்வொரு கண்ணும் குமிழி பிறக்க வசதியான இடம். கண்களை ஹாப்ஸ் தூள் அடைக்க அடைக்க, இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் கூடும். நான் என்ன செய்தேன்? கேஸ் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை 20க்கு ஏற்றினேன்!

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பொறுமை போய், பெர்மென்டர் மூடியைத் திறந்து, மிச்சத்தை அம்மாவின் வேட்டித்துணியில் வடிகட்டிக் கெக்கில் ஊற்றினேன். மூன்றே நாளில் மஞ்சள் பீர் பால் சேர்க்காத தே ஓ நிறத்துக்கு வந்துவிட்டது. மாம்பழ வாசனை போய் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. ஹாப்ஸ் நிறையப் போட்ட பீருக்குக் காற்றுதான் எமன். துணி மட்டுமில்லை, அந்த வடிகட்டிக் கூட்டுக்குள் அடைபட்டிருந்த காற்றும் பீரில்தான் கலந்தது. முழுக் கெக்கும் வாழைமரத்தடிக்குப் போனது. வாழைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

ஹாப்ஸைப் பெர்மென்டரிலேயே தங்க வைப்பதுதான் வேலை. அழுத்தத்தோடு மூடியபடியே 1, 2 டிகிரியில் இரண்டு நாள் வையுங்கள், தூள் அடியில் படிந்துவிடும். மிதவை வைத்த உறிஞ்சுகுழாய் இருந்தால் பீர் மேலிருந்து வரும். அதன் வாயில் ஒரு எஃகு வலைக்கூடு மாட்டலாம். வலை அங்கே மட்டும் ஏன் தொந்தரவு செய்வதில்லை என்றால், அது அழுத்தத்துக்குள்ளேயே இருக்கிறது. கூட்டின் பரப்பும் பெரிது, பீர் மெதுவாக நுழையும்.

கெக்கைக் கிருமிநீக்கித் தண்ணீரால் விளிம்புவரை நிரப்பி, அதைக் கேஸால் வெளியே தள்ளினால் உள்ளே காற்று இருக்காது. பிறகு அதையும் அதே 12க்கு ஏற்றுங்கள். பெர்மென்டரின் திரவப் போஸ்டிலிருந்து (பீர் போய்வரும் முனை) கெக்கின் திரவப் போஸ்டுக்குக் குழாய் போட்டு, கெக்கின் கேஸ் பக்கத்தை வால்வு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். வித்தியாசம் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ போதும். அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். கெக்கையும் முதல் நாளே ஐஸ்பெட்டியில் வைத்துவிடுங்கள். நம் ஊர் 31 டிகிரியில் கிடந்த கெக்கில் குளிர்ந்த பீர் விழுந்தால், எல்லாம் சரியாகச் செய்தும் நுரைதான். குளிர்ந்த கெக் முழுக்க வியர்த்துவிடுவதால் எவ்வளவு நிறைந்தது என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் தராசின் மேல் வைத்து நிரப்புங்கள். ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ என்று கணக்கு வைத்தால் போதும்.

அடைத்ததும் மூடியைத் திறப்பது

திறக்காதீர்கள். பெரும்பாலும் அடைப்பு இணைப்பிலோ போஸ்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங் வால்வான பாப்பெட்டிலோதான் இருக்கும். இணைப்பைக் கழற்றித் திருகைத் திறந்து கழுவுங்கள். தீரவில்லையென்றால் கேஸ் குழாயைத் திரவப் போஸ்டில் மாட்டி ஒரு நொடி பின்னோக்கி ஊதுங்கள். போஸ்டைக் கழற்றியே ஆகவேண்டும் என்றால், அழுத்தத்தை முழுக்க இறக்கிய பிறகுதான்.

கேஸ் ஏறிய பீரில் ஹாப்ஸ் கொட்டுவது

கொட்டியதும் பீர் பொங்கி மேலே அடிக்கும். என் பின்கட்டு சீலிங்கில் பச்சைக் கறை இன்னும் இருக்கிறது.

நொதித்து முடிந்ததென்று வால்வை அடைப்பது

ஹாப்ஸிலேயே சில நொதிகள் உண்டு. ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட சர்க்கரையை அவை உடைத்துக் கொடுக்கும், ஈஸ்ட் மறுபடி வேலையை ஆரம்பிக்கும், அழுத்தம் ஏறும். குளிரூட்டும்வரை அழுத்தம் விடும் வால்வைத் தொடாதீர்கள்.

ஜெலட்டின்

தூளும் கலங்கலும் சீக்கிரம் படிய ஜெலட்டின் போடலாம், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஹலால் முத்திரை போட்டு இங்கே விற்பது பெரும்பாலும் மாட்டிலிருந்து எடுத்தது. வீட்டில் சாமி கும்பிடுகிறவர்கள் பாக்கெட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். நான் போடுவதில்லை, கூடுதலாக இரண்டு நாள் குளிரில் விடுகிறேன்.

கெக்கைக் காடியில் ஏற்றிக்கொண்டு போவது

எப்படிச் செய்தாலும் கொஞ்சம் தூள் கெக்கின் அடியில் இருக்கும். முதல் அரைக் குவளையைக் கொட்டிவிட்டால் அப்புறம் தெளிவாக வரும். தீபாவளித் திறந்த இல்லத்துக்கு அன்று காலையில் கெக்கைத் தூக்கிக்கொண்டு போனால், தாமான் மேடுபள்ளத்திலேயே எல்லாம் கலங்கிவிடும். முதல் நாளே கொண்டுபோய் அவர்கள் ஐஸ்பெட்டியில் வைத்துவிடுங்கள், இடம் இருக்கிறதா என்று முன்னாடியே கேட்டுக்கொண்டு.