சின்ன மாடல் ரயில்வே: இரண்டு தடங்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விடலாம்?

ஆறுக்கு நாலடிப் பலகை, அதில் ஹார்ன்பி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஓஓ அளவு (நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு, 1:76) இரட்டைத் தடம். பிரிட்டனில் புதிதாக இறங்குபவர்கள் பலர் இதில்தான் தொடங்குகிறார்கள். அதையே வைத்துக் கணக்குப் போடுவோம். அளவெல்லாம் மி.மீ.யில், தட இடைவெளி என்றால் மையத்திலிருந்து மையம்.

1. முதலில் பெட்டியை அளந்து பாருங்கள்

உங்களிடம் உள்ள, அல்லது வாங்க ஆசைப்படும், மிக நீளமான பெட்டிதான் இடைவெளியைத் தீர்மானிக்கும். மார்க் 3 பயணிகள் பெட்டி என்றால் நீளம் சுமார் 302, அகலம் 36, இரு போகிகளின் (பெட்டிக்கு அடியில் திரும்பும் சக்கரச் சட்டங்களின்) மையங்களுக்கு நடுவே 210.

2. வளைவில் எவ்வளவு பிதுங்குகிறது?

தண்டவாளம் வளையும், பெட்டி வளையாது. அதனால் பெட்டியின் வயிறு வளைவின் உள்பக்கம் தள்ளும், முனைகள் வெளிப்பக்கம் நீட்டும்.

வயிறு: போகி தூரத்தின் வர்க்கம் ÷ (8 × ஆரம்).
முனை: (நீளத்தின் வர்க்கம் − போகி தூரத்தின் வர்க்கம்) ÷ (8 × ஆரம்).

ஹார்ன்பி வளைவுத் துண்டுகளை ஆர வரிசைப்படி எண்ணிட்டு விற்கிறது: இரண்டாம் வளைவுக்கு ஆரம் 438, மூன்றாவதுக்கு 505. இரண்டாவதை உள்தடமாகவும் மூன்றாவதை வெளித்தடமாகவும் வைப்போம். உள்தடத்துப் பெட்டியின் முனை 13.4 வெளியே வரும். வெளித்தடத்துப் பெட்டியின் வயிறு 10.9 உள்ளே வரும். இரண்டு பெட்டிகளின் பாதி அகலங்கள் சேர்ந்து 36. கூட்டினால் 60.3. தட இடைவெளி 67, ஆக மிச்சம் 7 கூட இல்லை! நேர்த்தடத்தில் அசிங்கமாக அகன்று தெரியும் அந்த 67 எதற்கு என்பது இங்கேதான் புரியும்.

3. பாயிண்டைப் பார்த்து முடிவெடுங்கள்

பாயிண்ட் என்றால் தடம் இரண்டாகப் பிரியும் துண்டு. ஹார்ன்பியின் சாதாரண பாயிண்ட் இரண்டைச் சேர்த்து, ஒரு தடத்திலிருந்து பக்கத்துத் தடத்துக்கு மாறும் குறுக்குத் தடம் போட்டால் இடைவெளி தானாகவே 67 வரும். பீக்கோ நிறுவனத்தின் ஸ்ட்ரீம்லைன் வகைத் தடத்தில் சுமார் 50. பார்வைக்கு 50 அழகுதான். ஆனால் மேலே போட்ட கணக்குப்படி இந்த வளைவில் பெட்டிகள் உரசிவிடும். 50தான் வேண்டுமென்றால் நேர்த்தடத்தில் மட்டும் வைத்து, வளைவு நெருங்கும்போது ஃப்ளெக்ஸி தடத்தால் (கையால் வளைக்கக்கூடிய தடம்) மெல்ல அகட்டுங்கள். முதல் முறை செய்பவருக்கு 67 போதும் என்பது என் கட்சி.

4. பலகை விளிம்பு, பிளாட்பாரம், பாலம்

பலகையின் அகலம் 1219. மூன்றாம் வளைவு வெளித்தடமானால் இருபுறமும் சுமார் 104 மிஞ்சும். பேராசைப்பட்டு நான்காம் வளைவுக்கு (572) போனால் மிச்சம் 37தான். பெட்டி முனைக்கும் விளிம்புக்கும் 9. தடம் புரண்டால் நேரே தரைதான்.

பிளாட்பாரத்தை வளைவு முடிந்து ஒரு பெட்டி நீளம் தள்ளித் தொடங்குங்கள். மேம்பால ஆசையைத் தள்ளிப்போடுங்கள்: 40க்கு 1 சரிவில் 75 உயர 3 மீட்டர் வேண்டும், இறங்க இன்னொரு 3. வெளிச்சுற்று மொத்தமே சுமார் நாலரை மீட்டர்தான்.

5. ஆணி அடிக்கும் முன் ஓட்டிப் பாருங்கள்

தடத்தைச் சும்மா பரப்பி, அடியில் வெள்ளைத்தாள் விரியுங்கள். நீளமான பெட்டியின் நடுவிலும் முனைகளிலும் பென்சில் ஒட்டி, கையால் தள்ளுங்கள். தாளில் விழும் கோட்டுக்கு வெளியே இன்னும் சில மி.மீ. விட்டுத்தான் சிக்னல் கம்பமோ சுவரோ வரலாம். கிளைத்தடத்தில் ஒரு பெட்டியை நிறுத்தி, மெயினில் இன்னொன்றை உருட்டுங்கள். உரசாமல் தாண்டும் இடத்தில் சிவப்பு மையால் புள்ளி வைத்துவிட்டால், அதற்கும் பாயிண்டுக்கும் நடுவே எதையும் நிறுத்தக்கூடாது என்பது கண்ணிலேயே தெரியும்.