பழைய காருக்கு இரும்பு ஃபேனா, பிளாஸ்டிக் ஃபேனா? கழற்றிப் பார்த்து முடிவெடுக்கும் முறை

பழைய கார் வாங்கிய புதிதில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ரேடியேட்டருக்குப் பின்னால் சுழன்று எஞ்சினைக் குளிர்விக்கும் ஃபேனில், கம்பெனியில் வந்த இரும்பு ஃபேனையே வைத்துக்கொள்ளலாமா, பிளாஸ்டிக்குக்கு மாறிவிடலாமா? பெட்ரோல் அம்பாசிடரை வைத்தே சொல்கிறேன். அதில் இருக்கும் 1,489 சி.சி. எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) பி-சீரிஸ். எம்.ஜி.ஏ. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியதும் இதே குடும்பம்தான், அதற்கு அடுத்த மாடலாக 1962-ல் வந்த எம்.ஜி.பி.யில் இதே எஞ்சின் 1,798 சி.சி.யாக வளர்ந்தது. எம்.ஜி.பி. இரும்பு ஃபேனில் தொடங்கி, பிறகு பிளாஸ்டிக் ஃபேனுக்கு மாறி, கடைசி வருடங்களில் எலெக்ட்ரிக் ஃபேனுக்குப் போனது. ஆக, இந்த எஞ்சினுக்கு இரண்டுமே ஒத்துவரும். உங்கள் காருக்கு எது என்பதுதான் கேள்வி.

படி 1: எப்போது ஹீட் ஆகிறது என்று கவனியுங்கள்

ஃபேனைத் தொடுவதற்கு முன் வண்டியை ஓட்டிப் பாருங்கள். சிக்னலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் காற்று போதவில்லை என்று பொருள். ஃபேன், பெல்ட், ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றியுள்ள காற்றுக்கூடு) இவற்றைப் பார்க்க வேண்டும். மாறாக, ஹைவேயில் 70, 80-ல் போகும்போது ஏறினால் ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். ரேடியேட்டர் அடைப்பு, இக்னிஷன் டைமிங், கார்புரேட்டர் லீன் ஆக (பெட்ரோல் குறைந்து காற்று கூடி) ஓடுவது, இவற்றில்தான் கோளாறு இருக்கும். எந்த ஃபேன் மாட்டினாலும் அது தீராது. ஹீட்டுக்கு மருந்து என்று தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் வால்வு) கழற்றிப் போட்டிருந்தால் முதலில் அதைத் திரும்ப மாட்டுங்கள்.

படி 2: இப்போதுள்ள ஃபேனைக் கழற்றிச் சோதியுங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். எஞ்சின் முழுதாக ஆறியபின் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். ஃபேன் பெல்ட்டைத் தளர்த்தி, வாட்டர் பம்ப் முகப்பில் உள்ள நான்கு போல்ட்டுகளையும் எடுங்கள். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் ஒரு அட்டையைச் செருகிவிட்டு வேலை செய்தால் ஸ்பேனர் வழுக்கினாலும் ரேடியேட்டரின் மெல்லிய ஃபின் தகடுகள் தப்பும்.

இரும்பு ஃபேன் உடைவது பெரும்பாலும் இறக்கையின் நடுவில் இல்லை, அடியில். இறக்கைத் தகடு நடுத்தகட்டோடு ரிவெட்டால் சேரும் இடத்தில், ரிவெட் ஓட்டையின் விளிம்பிலிருந்து விரிசல் கிளம்பும். பல வருட அதிர்வில் இரும்பு களைத்துப்போவதால் வருவது அது. பெயின்ட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் அதை மறைத்துவிடும். அதனால் அடிப்பகுதி முழுவதும் பெயின்ட் ரிமூவர் போட்டு இரும்பு தெரியும் வரை சுத்தம் செய்யுங்கள். கிரைண்டர் வேண்டாம், தேய்த்த தூளும் கீறலும் விரிசலின் வாயை அடைத்துவிடும்.

பிறகு ரிவெட்டைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல். உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடச் சாக்பீஸைப் பொடித்து அதன்மேல் மெல்லியதாகப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் வெளியே ஊறி, வெள்ளைப் பொடியில் மயிர் போன்ற கறுத்த கோடு ஒன்று மெதுவாகத் தோன்றும். ரிவெட்டின் தலையைச் சுற்றி வட்டமாகக் கசிந்தால் ரிவெட் தளர்ந்திருக்கலாம், இறக்கையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பெரிய ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் செய்யும் டை பெனட்ரன்ட் சோதனை (விரிசலுக்குள் சாயத்தைப் புகவிட்டுக் கண்டுபிடிப்பது) இதைவிடத் துல்லியமானது. பக்கத்தில் வசதி இருந்தால் அதையே செய்துவிடுங்கள்.

கோடு தெரிந்தால் அந்த ஃபேனின் ஆயுள் முடிந்தது. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் தன்மை மாறும், அடுத்த விரிசல் அங்கேயே பிடிக்கும், எடையும் ஒரு பக்கம் கூடும். 5 கிராம் எடை வித்தியாசம் மையத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி இருந்தால், நிமிடத்துக்கு 4,000 சுற்றில் அது வாட்டர் பம்ப் பேரிங்கை ஏறக்குறைய 13 கிலோ விசையோடு இழுக்கும். அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறி மாறி.

பிளாஸ்டிக் ஃபேனில் பார்க்க வேண்டியவை வேறு. இறக்கை நடுப்பகுதியோடு சேரும் வளைவிலும் போல்ட் ஓட்டைகளைச் சுற்றியும் வெளுத்த கோடுகள் இருக்கின்றனவா? மேற்பரப்பு சுண்ணாம்பு அடித்ததுபோலப் பொடிகிறதா? ஒன்று இருந்தாலும் குப்பைக்குத்தான். பானெட்டுக்குள் வருடக்கணக்கில் வெந்த பிளாஸ்டிக் வளையும் தன்மையை இழந்துவிடும். முக்கியமாக, நன்றாகத் தெரிகிற பழைய பிளாஸ்டிக்கையும் நம்ப முடியாது. இரும்பு தேடுகிறவர் கண்ணுக்கு முன்கூட்டியே விரிசலைக் காட்டும். பிளாஸ்டிக் பல நேரம் எதையும் காட்டாமலே சிதறிவிடும்.

படி 3: உங்கள் ஓட்டத்துக்கு எது என்று தீர்மானியுங்கள்

40 செ.மீ. அகல ஃபேன் 4,000 சுற்றில் ஓடும்போது அதன் முனை மணிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் பிய்த்துக்கொண்டு வரும் இரும்பு இறக்கை ரேடியேட்டரைக் கிழிக்கும், பானெட்டைத் துளைக்கும். எதிரே ஆள் நின்றால் ஆளையும் விடாது. பிளாஸ்டிக் எடை குறைவு என்பதால் உடைந்தாலும் பெரும்பாலும் சேதம் குறைவுதான். பம்ப் பேரிங்குக்கும் பாரம் குறையும். அச்சில் வார்ப்பதால் இறக்கைக்கு நல்ல வளைவு கொடுக்க முடிகிறது, தட்டைத் தகட்டைவிட அதிகக் காற்றை இழுக்கும். இறக்கைகளைச் சம இடைவெளி இல்லாமல் அமைத்தால் ஃபேனின் ஊளைச் சத்தமும் அடங்கும்.

என் கருத்து இதுதான்: வண்டியை அடிக்கடி ஹைவேயில் ஓட்டுகிறவர்கள் புதிய பிளாஸ்டிக் ஃபேன் போடுங்கள். சுற்று இரட்டித்தால் ஃபேன் குடிக்கும் சக்தி எட்டு மடங்காகும், எஞ்சினை விரட்டி ஓட்டுகிறவர்களுக்குத்தான் லேசான, சரியான வடிவுள்ள ஃபேனின் பலன் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் ஓட்டுகிறவர்களும், வின்டேஜ் கண்காட்சிக்கு ஒரிஜினல் தோற்றம் வேண்டுபவர்களும் சோதனையில் தேறிய இரும்பு ஃபேனையே வைத்துக்கொண்டு வருடம் ஒருமுறை சாக்பீஸ் சோதனை செய்யுங்கள். வேகம் கூடும்போது தட்டையாகும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் இறக்கை ஃபேன்களும் விற்கிறார்கள். வளைந்து வளைந்தே களைக்கும் அமைப்பு அது, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 4: வாங்கும்போது

பிளாஸ்டிக் என்றால் புதிது மட்டும்தான். பழைய சாமான் கடையில் எடுக்க வேண்டாம். போல்ட் ஓட்டைகளில் இரும்பு அல்லது பித்தளை புஷ் (ஓட்டைக்குள் செருகிய சிறு குழாய்) இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் போல்ட்டை இறுக்கும்போது பிளாஸ்டிக் நசுங்கி அங்கேயே வெடிப்பு தொடங்கும்.

சுழலும் திசையும் முக்கியம். பி-சீரிஸ் எஞ்சின் முன்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றும். எதிர்த்திசைக்குச் செய்த ஃபேன் காற்றை ரேடியேட்டரிலிருந்து இழுக்காது, அதன்மேல் தள்ளும். அதைத் திருப்பி மாட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். எந்த ஃபேனைத் திருப்பிப் போட்டாலும் காற்றுப் போகும் திசை மாறாது, இறக்கையின் வளைவு தலைகீழாகி காற்றுதான் குறையும்.

படி 5: மாட்டுவது

பிளாஸ்டிக் ஃபேனின் நடுப்பகுதி தடிமனாக இருப்பதால் பழைய போல்ட் எட்டாமல் போகலாம். நீளமான போல்ட் போட்டால் அதன் நுனி பின்னால் வாட்டர் பம்ப் உடம்பில் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். ஸ்பிரிங் வாஷர் புதிதாகப் போட்டு, எதிரெதிர் போல்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மாட்டும் முன் பம்ப் ஷாஃப்ட்டில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஆட்டம் இருந்தால் முதலில் பம்ப்.

ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் குறைந்தது 25 மி.மீ. இடைவெளி வேண்டும். திடீர் பிரேக்கில் எஞ்சின் ரப்பர் மவுன்டிங்கில் முன்னே சாயும். மழைத்தண்ணீரில் இறக்கினால் இறக்கைகளும் ரேடியேட்டர் பக்கம் வளையும். மவுன்டிங் பழசாகித் தொய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

படி 6: முதல் ஸ்டார்ட்

பெல்ட்டை இறுக்கி, எர்த் வயரை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபேனின் விளிம்புக்கு நேரே பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது பானெட்டுக்குமேல் குனியவும் கூடாது. ஐட்லிங்கில் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தாளைக் காட்டினால் அது உள்ளே இழுபட்டு ஒட்ட வேண்டும். விலகிப் பறந்தால் ஃபேன் எதிர்த்திசைக்கானது.

100 கி.மீ. ஓடியபின் எஞ்சின் ஆறிய நிலையில் நான்கு போல்ட்டுகளையும் ஒருமுறை சரிபாருங்கள். பிளாஸ்டிக் ஃபேனாக இருந்தால் மாட்டிய மாதமும் வருடமும் பெயின்ட் மார்க்கரால் நடுப்பகுதியில் எழுதிவையுங்கள். அடுத்து வண்டியைத் திறக்கும் மெக்கானிக்குக்கு அதன் வயது தெரிய வேறு வழி கிடையாது.