மெல்பர்ன் போகிறவர்களுக்கு: சாவி வாங்கியதும் செய்ய வேண்டியது

பெருந்துறையில் எங்கள் தெருவிலிருந்து மட்டும் இந்த வருஷம் இரண்டு குடும்பங்கள் மெல்பர்ன் கிளம்புகின்றன. விசா, வங்கிக் கணக்கு, வரி எண் எல்லாம் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஆறு வருஷம் அங்கே இருந்துவிட்டு வந்தவள் நான். வாடகை வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வெளியே செங்கல் தெரிந்தாலும் உள்ளே மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும்தான். படுக்கையறையில் கார்பெட். மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் புகை அலாரம் அலறும். அடுப்புக்கு மேலிருக்கும் ஃபேனைப் போட்டுவிட்டு எண்ணெய் ஊற்றுங்கள். நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவிலுள்ள புல் கவுன்சில் இடம், ஆனால் வெட்ட வேண்டியது நீங்கள். எந்தக் குப்பைத் தொட்டியை எந்த வாரம் வெளியே வைப்பது என்பதை எதிர்வீட்டைப் பார்த்தே பழகிக்கொள்ளலாம். இருட்டினால் தெருவில் ஒரு ஆள் இருக்காது. திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பழகியவர்களுக்கு முதல் மாதம் அது ரொம்ப வாட்டும். சனிக்கிழமை சன்ஷைன் பகுதியிலுள்ள முருகன் கோயிலுக்குப் போய் வாருங்கள், மனசு கொஞ்சம் ஆறும்.

அட்வான்ஸை அங்கே பாண்ட் என்பார்கள். வார வாடகை 900 டாலர் வரையுள்ள வீட்டுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அந்தப் பணத்தை உரிமையாளர் வைத்துக்கொள்ள முடியாது; 10 வேலை நாளுக்குள், மெல்பர்ன் இருக்கிற விக்டோரியா மாநில அரசின் பாண்ட் ஆணையத்தில் கட்டியாக வேண்டும். ரசீது உங்களுக்கு வரும். அரசாங்கத்திடம் இருக்கிற பணம், பத்திரமாக இருக்கும் என்று நாங்கள் நிம்மதியாகிவிட்டோம். அங்கேதான் கோட்டை விட்டோம்.

சாவியோடு கண்டிஷன் ரிப்போர்ட் என்று ஒரு படிவம் தருவார்கள். அறை அறையாக, சுவர், குழாய், ஜன்னல் திரை வரை அதில் இருக்கும். எல்லாவற்றுக்கும் நேரே "சுத்தம், நல்ல நிலை" என்று அவர்களே குறித்திருப்பார்கள். பக்கத்தில் நமக்கும் இடம் உண்டு. குடிபோன 5 வேலை நாளுக்குள் நிரப்பித் திருப்பித் தர வேண்டும். நம்மூரில் வீட்டுக்காரர் நீட்டுகிற பத்திரத்தில் யார் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம்? அதே பழக்கத்தில் போட்டுக் கொடுத்தோம்.

அந்த வீட்டுச் சமையல் மேடையில், அடுப்புக்கு வலப்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை முதல் நாளே இருந்தது. நமக்கு முன்னால் இருந்தவர்களும் மஞ்சள் போட்டுச் சமைத்தவர்கள் போல என்று எனக்கு அன்று சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டு வருஷம் கழித்துக் காலி செய்தபோது அந்தக் கறைக்காகப் பாண்டிலிருந்து 480 டாலர் கேட்டார்கள். நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தது என்றேன். உரிமையாளர் சார்பில் வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஏஜென்ட், படிவத்திலிருந்த எங்கள் கையெழுத்தைக் காட்டினார். அப்புறம் அலமாரியிலிருந்த என் மஞ்சள்தூள் டப்பாவை ஒரு பார்வை பார்த்தார். ஈரோட்டு மஞ்சள், 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மஞ்சள், அம்மா வறுத்து அரைத்துக் கொடுத்தனுப்பிய சாம்பார் பொடிக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பார்வை இன்னும் எனக்கு எரிகிறது.

நாம் சம்மதிக்கவில்லை என்றால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் கையில் ஒரு படம்கூட இல்லை. அடுத்த வீட்டுக்கு இவர்களிடம்தான் நற்சான்று வாங்க வேண்டும். ஒத்துக்கொண்டோம்.

அதனால் பெட்டியைப் பிரிக்கும் முன் போனை எடுங்கள். அடுப்புக்குள், சிங்குக்குக் கீழே, கார்பெட் ஓரம், கதவுக்குப் பின்னால் என்று எல்லாவற்றையும் படம் எடுங்கள். கறை எங்கே, எவ்வளவு அகலம் என்று படிவத்தில் எழுதுங்கள். "சிறு அழுக்கு" என்று பொதுவாக எழுதினால் போதாது. படங்களோடு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வையுங்கள். இரண்டாவது வீட்டில் நான் 61 படம் எடுத்தேன். பாண்ட் முழுசாகத் திரும்பி வந்தது.

அந்தப் படிவத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. கிளம்பும் முன் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, பக்கம் பக்கமாகக் காட்டுகிறேன்.