பாய்மரப் படகின் கருவிகள் சேதமடைந்தால் காப்பீட்டுத் தொகையைக் கோருவது எப்படி?

பாய்மரம் முறிந்த படகைக் கொண்டு கரைசேர்ந்தவுடன் முதலில் செய்ய வேண்டியது விண்ணப்பம் நிரப்புவது அன்று. சேதம் மேலும் பெருகாமல் தடுப்பதே. முறிந்த துண்டு அலையில் ஆடி உடற்பகுதியைத் துளைக்காதபடி அதைக் கட்டிவைக்க வேண்டும். நீர் ஏறியிருந்தால் இறைக்க வேண்டும். இழப்பைத் தவிர்க்கவும் குறைக்கவும் நியாயமான முயற்சி எடுப்பது காப்பீடு பெற்றவரின் கடமை என்று பிரிட்டனின் 1906-ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு கூறுகிறது. பெரும்பாலான பாலிசிகளிலும் இதே கடமை வேறு சொற்களில் இருக்கும். இதற்கான செலவைத் தனியாகக் கோர இடம் உண்டா என்று பாலிசியில் பார்த்து, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, எதையும் கழுவித் துடைப்பதற்கு முன்பே படங்கள் எடுங்கள். முழுப் படகும் தெரியும் படம், உடைந்த முனையின் அண்மைப் படம், கருவியின் வரிசை எண் தெரியும் படம் என மூன்றும் வேண்டும். கைப்பேசிக் கேமராவே போதும். ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் தேதி, நேர விவரங்கள் நீங்கிவிடுவதால் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். பழுதுச் செலவுகளைக் குறித்துவைக்கத் தனிச் செயலிகள் எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. சாதாரண எக்செல் தாள் அவற்றைவிட மேலானது.

காப்பீட்டு நிறுவனத்திற்குத் தொலைபேசியில் சொன்னாலும் அதையே மின்னஞ்சலிலும் எழுதிவிடுங்கள். சேதத்தை நேரில் மதிப்பிடும் சர்வேயர் பார்த்துச் செல்லும்வரை பழுதுபார்ப்பைத் தொடங்கவோ, உடைந்த பாகங்களைத் தூக்கியெறியவோ கூடாது. அவர் நிறுவனத்தின் சார்பில் வருபவர் என்பதால், தொகை பெரிதாக இருந்தால் உங்கள் சார்பில் வேறொரு சர்வேயரை அமர்த்துவது வீண்செலவாகாது.

எனக்கு மிகுந்த இழுபறியைத் தந்தது அடுத்த படிதான். என்ன உடைந்தது என்பதைவிட எதனால் உடைந்தது என்பதைத்தான் நிறுவனம் பார்க்கிறது. சாதாரணத் தேய்மானத்துக்குக் காப்பீட்டாளர் பொறுப்பல்லர் என்று அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவு கூறுகிறது. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பியின் முனையில் உள்ள உலோகக் குப்பிக்குள் உப்புநீர் தங்கினால், வெளியே தெரியாமலேயே உள்ளே அரிப்பு ஏற்பட்டு விரிசல் வளரும். அங்கே அறுந்த கம்பியில் பழுப்பேறிய பகுதி பழைய விரிசலையும், பளபளக்கும் பகுதி புதிய முறிவையும் காட்டுவதால், சர்வேயரின் கண் முதலில் அங்கேதான் போகும். ஆனால் சில பாலிசிகள் பழுதான பாகத்தின் விலையை மட்டுமே விலக்கி, அதனால் விளைந்த பிற சேதத்துக்குப் பணம் தருகின்றன. ஆகவே, குப்பியின் விலையை ஒரு வரியிலும், அது அறுந்ததால் விழுந்த பாய்மரம், கிழிந்த பாய், படகின் மேல்தளத்திலிருந்து பெயர்ந்த பொருத்திகள் ஆகியவற்றைத் தனித்தனி வரிகளிலும் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே தொகையாக எழுதினால் முழுவதும் தேய்மானம் என்று தள்ளப்பட வழி ஏற்படும்.

பாய்களுக்குத் தனி விதி உண்டு. பல பாலிசிகளுக்கு அடிப்படையான, 1985-இல் வெளிவந்த இன்ஸ்டிடியூட் யாட் கிளாசஸ் என்னும் நிபந்தனைத் தொகுப்பின்படி, விரித்திருந்த பாய் காற்றில் கிழிந்தால் பணம் கிடையாது. அது கட்டப்பட்டிருந்த மரம் சேதமடைந்ததாலோ, படகு தரைதட்டியதாலோ, மோதியதாலோ கிழிந்திருந்தால்தான் கிடைக்கும். பழையதற்குப் புதியது வாங்கும்போது பாய்களுக்கும் அவற்றை ஏற்றி இறக்கும் கயிறுகளுக்கும் மூன்றில் ஒரு பங்குவரை கழிக்கவும் அதில் இடமுண்டு. பந்தயத்தின்போது நேர்ந்த சேதத்துக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. எனவே, நிகழ்ச்சி விவரத்தில் எது முதலில் நடந்தது, எது பின்னர் நடந்தது என்ற வரிசையை நடந்தபடியே, தெளிவாக எழுதுங்கள்.

பழுதுபார்ப்பு மதிப்பீட்டில் பொருள், கூலி, கிரேன் வாடகை ஆகியவை பிரித்துக் காட்டப்பட வேண்டும். நீங்களே ஏற்க வேண்டிய தொடக்கத் தொகை இறுதியில் கழிக்கப்படும்.

பின்சேர்க்கை: ஒரு கம்பி மட்டும் அறுந்திருக்க, நிபுணர் எல்லாக் கம்பிகளையும் மாற்றச் சொன்னால் யார் செலவு என்று சிலர் கேட்டிருந்தனர். வயதானவை என்பதற்காக மாற்றினால் செலவு உங்களுடையதே. பாய்மரம் சாய்ந்தபோது மற்றவையும் அளவுக்கு மீறி இழுபட்டன என்று நிபுணர் காரணத்துடன் எழுதித் தந்தால், அவற்றையும் கோரிக்கையில் சேர்க்கலாம். அந்தக் கடிதத்தைச் சர்வேயர் அறிக்கை எழுதி முடிப்பதற்கு முன்பே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.