முகாமிலிருந்து இலங்கைக்கு: டிக்கெட்டுக்கு முன்னால் காகிதம்

மதுரை மாவட்டத்தின் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் இலங்கைத் தமிழர் முகாம்களில் ஊர் திரும்ப நினைக்கிற குடும்பங்கள் முதலில் விசாரிப்பது விமான டிக்கெட்டை. அது கடைசி வேலை. விரும்பித் திரும்புகிறவர்களுக்கு டிக்கெட்டும், போய் இறங்கியதும் ஒரு சிறு தொகையும் ஐ.நா. அகதிகள் ஆணையம் கொடுத்து வந்திருக்கிறது. இப்போது என்ன நிலை என்று அவர்களின் சென்னை அலுவலகத்திலேயே கேளுங்கள். பயணத்தை இழுத்தடிப்பது பிள்ளைகளின் காகிதம்தான்.

இங்கே பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை தானாக வராது. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்று, தாய் தகப்பனின் இலங்கைப் பிறப்புச் சான்று, திருமணச் சான்று மூன்றும் வேண்டும். ராஜாஜி மருத்துவமனையில் பிறந்த குழந்தை என்றால் சான்று மாநகராட்சியில் கிடைக்கும். அதில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு அப்படித்தான் கிடக்கிறது. அடுத்து தகப்பன் பெயர். இங்கே 'க.' என்று இனிஷியல் மட்டும் இருக்கும்; இலங்கைச் சான்றில் 'கந்தையா' என்று முழுசாக இருக்கும். ஆங்கில எழுத்தும் ஒன்றுக்கொன்று மாறும். ஒரே தாளில் வீட்டில் உள்ள எல்லோரின் பெயரையும், ஒவ்வொரு சான்றில் இருக்கிறபடியே பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் பிழை கண்ணில் பட்டுவிடும். திருத்தத்தை மதுரையிலேயே முடியுங்கள். அங்கே போனபின் இதற்காகக் கடல் தாண்ட முடியாது. முகாமில் நடந்த கல்யாணம் பதியாமல் இருந்தால் அதையும் இப்போதே பதியுங்கள்.

படகில் வந்தவர்களிடம் பாஸ்போர்ட் இருக்காது. தற்காலிகப் பயண ஆவணம் துணைத் தூதரகத்தில் வாங்க வேண்டும். இந்தியா விட்டுப் போக வெளியேறும் அனுமதி தனி. 2025 மே இறுதியில், ஆணையத்தின் உதவியோடு திரும்பிய ஒரு முதியவர் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் கைதானார். அன்று பாஸ்போர்ட் இல்லாமல் இலங்கையை விட்டு வந்தவர்கள் இதைப் பற்றிக் கேட்டுத் தெளிந்த பிறகே தேதி குறிப்பது நல்லது.

பணக் கணக்கு: கணவன், மனைவி, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட இரு பிள்ளைகள் என்றால் 2021-இல் தமிழக அரசு உயர்த்தியபடி மாதம் 1,500, 1,000, 500, 500, ஆக 3,500 ரூபாய் உதவித்தொகை. முகாமில் பெயர் நீக்கியதும் அது நிற்கும். அங்கே கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் பதிந்து, அடையாள அட்டை வாங்கி, வேலை கிடைக்கும்வரை வருமானம் இல்லை. மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காணி உறுதியின் (நிலப் பத்திரம்) நகலை ஊரிலுள்ள உறவினர் மூலம் முன்பே சரிபாருங்கள். பயணத் தேதி உறுதியாகும்வரை முகாமில் பெயரை நீக்கச் சொல்லாதீர்கள்.