குடும்பத்தோடு ஏரியில் ஓட்ட ஸ்பீட் போட்: ரெண்டில் எதை எடுப்பது?

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் இருக்கும் என் அக்கா மகன் ரெண்டு செகண்ட் ஹேண்ட் ஸ்பீட் போட்டுகளைப் பார்த்து வைத்துவிட்டு, "மாமா, எதை முடிக்கட்டும்?" என்று படம் அனுப்பிக் கேட்டிருக்கிறான். துபாயில் போட் இன்ஜின் ஒர்க்‌ஷாப்பில் ரொம்ப வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கிருஷ்ணகிரிக்குத் திரும்பியவன் நான். ஓசூர், தர்மபுரி பக்கத்திலிருந்து போய் அங்கே வீடு வாங்கிய பிள்ளைகள் பலரும் இதே கேள்வியோடு வருவதால், அவனுக்குச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

முதல் போட் 26 அடி. முன்பக்கம் மூடியது, உள்ளே சின்ன கேபின், 8.1 லிட்டர் மெர்குரூசர் கம்பெனி 496 மாடல் இன்ஜின், 425 குதிரைசக்தி. ரெண்டாவது 24 அடி பௌரைடர், அதாவது முன்பக்கம் திறந்து அங்கேயும் சீட் இருப்பது. 5.7 லிட்டர் 350 மாடல் இன்ஜின், 300 குதிரைசக்தி. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பையனுக்கு முதல் போட் மேல்தான் மனசு, பார்க்கவும் அது அம்சமாகத்தான் இருக்கிறது.

விற்கிறவர் முதலில் சொல்வது டாப் ஸ்பீட். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து முடிவு பண்ணாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டின் பக்கத்து லேக் டிராவிஸில் நாலாபக்கமும் போட் ஓடும், ஒவ்வொன்றும் ஒரு அலையைக் கிளப்பிவிட்டுப் போகும், அந்தக் கலங்கலில் மடியில் குழந்தையும் பக்கத்தில் வயசான அம்மாவும் இருக்கும்போது யாரும் 60 மைலில் போகப் போவதில்லை, 25 மைலிலிருந்து 30 மைலுக்குள்தான் பெரும்பாலும் ஓடும். அதனால் நீங்கள் கேட்க வேண்டியது, எவ்வளவு குறைந்த வேகத்தில் இந்த போட் தண்ணீர் மேல் எழுந்து ஓடும் என்பதை. அதைப் பிளேனிங் என்பார்கள். கிளம்பும்போது மூக்கு மேலே தூக்கும், ஓட்டுகிறவருக்கு எதிரே வருவது தெரியாது, கொஞ்ச நேரத்தில் சமமாகி வழுக்கிக்கொண்டு ஓடும். சில போட்டுகள் 18, 20 மைலிலேயே அப்படி நிற்கும். சிலது 25ஐத் தாண்டினால்தான் நிற்கும், கொஞ்சம் வேகம் குறைத்தால் மறுபடி மூக்கைத் தூக்கிவிடும். பிள்ளைகளோடு நிதானமாகப் போக நினைக்கிறவருக்கு இப்படி மூக்கைத் தூக்கும் ரகம் தினமும் தலைவலி.

இதில் பின்னாலிருக்கும் டிரைவுக்கும், அதாவது இன்ஜின் சக்தியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் பாகத்துக்கும், பங்கு உண்டு. அவன் பார்த்த பெரிய போட்டில் பிராவோ ஒன் என்ற டிரைவ், ஒரே புரொப்பெல்லர், வேகத்துக்கு நல்லது. சின்னதில் பிராவோ த்ரீ. அதில் ரெண்டு புரொப்பெல்லர்கள் எதிரெதிராகச் சுற்றும். டாப் ஸ்பீடில் கொஞ்சம் குறையும், ஆனால் குறைந்த வேகத்தில் போட்டைத் தாங்கிப் பிடிக்கும், கரையில் ஒட்டி நிறுத்தும்போது ரிவர்ஸில் சொன்ன பேச்சைக் கேட்கும். புதிதாக ஓட்டப் பழகுகிறவனுக்கு இது பெரிய உதவி.

அடுத்து அடிப்பாகம். ஒகேனக்கல் பரிசல் அடி தட்டை, முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும், ஆனால் அலையைக் கிழிக்காது. ஸ்பீட் போட் அதற்கு நேர் எதிர், அடி 'வி' மாதிரி கூராக இருக்கும். அந்தக் கூர்மையை டெட்ரைஸ் என்று டிகிரியில் சொல்வார்கள். 24 டிகிரி என்றால் கடல் அலைக்கே தாங்கும். ரே ஹன்ட் வரைந்த 'டீப் வி' அடியோடு 1960இல் மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவுக்குப் போகும் கடல் பந்தயத்தில் மாப்பி என்ற போட் முரட்டுக் கடலில் ஜெயித்ததிலிருந்துதான் ரேஸ் போட் உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. அந்த வம்சம்தான் அவனுடைய 26 அடி. ஆனால் கூர் அதிகமானால் நிற்கும்போது ஆடும், ஒரு பக்கம் ரெண்டு பேர் எழுந்து போனால் போட்டே சாயும். ஓடவும் கூடுதல் சக்தி வேண்டும். முழு வேகத்தில் இடமும் வலமும் மாறி மாறி அலைபாயும் பழக்கமும் சிலவற்றுக்கு உண்டு, அதை அடக்க அனுபவம் வேண்டும். ஏரியில் பாதி நேரம் நங்கூரம் போட்டு நிறுத்தி, பிள்ளைகள் நீந்திவிட்டு ஏறுவதும், சோறு சாப்பிடுவதும்தான். அதற்கு 20, 21 டிகிரி போதும், 24 அடி போட்டில் இருப்பது அதுதான்.

உட்காரும் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள், படத்தில் தெரியாது. ரேஸ் பரம்பரை போட்டுகளில் முன்சீட் என்பது பெரும்பாலும் நின்றுகொண்டே முதுகைச் சாய்க்கும் போல்ஸ்டர்தான். ராயக்கோட்டையிலிருந்து ஆறு மாசம் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் என் அக்காவுக்கு முட்டிவலி, அதில் அவள் எப்படி நிற்பாள்? பின்பக்கம் ஏறும் மேடை தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரம், ஏணியில் எத்தனை படி, மேடையிலிருந்து உள்ளே வர இன்ஜின் மூடி மேல் ஏறித் தாண்ட வேண்டுமா அல்லது நடந்து வர வழி இருக்கிறதா என்று பாருங்கள். நிழல் துணி எத்தனை சீட்டை மறைக்கிறது என்றும் பாருங்கள், டெக்சாஸ் வெயில் நம் தர்மபுரி சித்திரை வெயிலுக்குக் குறைந்ததில்லை.

அப்புறம் கழிப்பறை. ஆண்கள் இதை யோசிக்கவே மாட்டார்கள், பெண்கள் இதனாலேயே ரெண்டாவது தடவை வர மாட்டேன் என்பார்கள். பெரிய போட்டில் கேபினுக்குள் போர்ட்டபிள் டாய்லெட் வைக்கலாம், அது அதன் உண்மையான பலம். 24 அடி பௌரைடர்களிலும் பலவற்றில் டேஷ்போர்டுக்குக் கீழே கதவு வைத்த சின்ன அறை இருக்கும். அது இல்லாத போட்டாக இருந்தால் நான் வேறொன்றைத் தேடச் சொல்வேன்.

பெட்ரோல் கணக்குக்கு ஒர்க்‌ஷாப்பில் ஒரு சுலப வழி உண்டு. முழு வேகத்தில் 10 குதிரைசக்திக்கு மணிக்கு சுமார் ஒரு கேலன். 425 என்றால் மணிக்கு 42 கேலனுக்கு மேல், கிட்டத்தட்ட 160 லிட்டர். 300 என்றால் 30 கேலன். சாதாரண ஓட்டத்தில் இதில் பாதியோ அதற்கும் குறைவோதான் ஆகும், ஆனாலும் வித்தியாசம் வித்தியாசம்தான். 350 இன்ஜினுக்கு ஸ்பேர் எங்கேயும் கிடைக்கும், மெக்கானிக்கும் கிடைப்பார்.

இழுத்துப் போக என்ன வண்டி இருக்கிறது? அவனிடம் டொயோட்டா ஹைலேண்டர், அது அதிகபட்சம் 5,000 பவுண்டு இழுக்கும். 26 அடி போட், டிரெய்லர், பெட்ரோல் எல்லாம் சேர்ந்தால் அதை எங்கேயோ தாண்டிவிடும், 24 அடியும் தாண்டும். ஆக எதை எடுத்தாலும் பிக்கப் டிரக் செலவையோ போட்டை நிறுத்தி வைக்கும் மரினாவின் வாடகையையோ விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மரினாவில் விடுவதென்றால், லேக் டிராவிஸ் இயற்கை ஏரி இல்லை, மான்ஸ்ஃபீல்ட் அணை தேக்கிய நீர் என்பதை மறக்கக் கூடாது. நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. டேமில் 52 அடி வரை தண்ணீர் நிற்கிற வருஷமும் உண்டு, பாறை தெரிகிற வருஷமும் உண்டு இல்லையா, மான்ஸ்ஃபீல்ட் அணை நீரும் அப்படித்தான். கடல் மட்டத்திலிருந்து 681 அடி என்பது நிறைந்த அளவு, வறட்சியில் வெகுவாக இறங்கும், போட் இறக்கும் சரிவுகள் ஒவ்வொன்றாக மூடப்படும். இறங்கும்போது பாறைகள் மேலே வரும். அந்த நாளைய நீர்மட்டம் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தோன்றாத ஒன்று, குளிர். இன்ஜின் பிளாக்குக்குள் நிற்கும் தண்ணீர் உறைந்தால் விரிந்து இரும்பையே பிளக்கும். டெக்சாஸ்தானே என்று விட முடியாது, 2021 பிப்ரவரியில் அங்கே அடித்த உறைபனி எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாசம் போட் எங்கே நின்றது, தண்ணீர் வடிக்கப்பட்டதா, பில் இருக்கிறதா என்று விற்கிற ரெண்டு பேரிடமும் கேளுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் வெல்டிங் அல்லது பசை வைத்த தடம் இருந்தால் அத்தோடு கிளம்பிவிடுங்கள்.

மற்ற சோதனைகள்: டிரைவின் கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. டிரைவ் போட்டோடு சேரும் இடத்தில் இருக்கும் மடிப்பு ரப்பர் உறையான பெல்லோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் மடித்துப் பாருங்கள், அது கிழிந்தால் போட்டுக்குள்ளேயே தண்ணீர் வரும். எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே பிடிக்கும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள், ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். டிரைவ் மாட்டியிருக்கும் பின்பலகையைச் சின்னச் சுத்தியலால் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே மரம் மக்கியிருக்கிறது, அதைச் சரிபண்ணும் செலவு தாங்காது.

ஓட்டிப் பார்க்கும் நாளில் தனியாகப் போகாதீர்கள். மனைவி, பிள்ளைகள், ஐஸ் பெட்டி, நிறைய பெட்ரோல் என்று உண்மையில் எவ்வளவு பாரம் ஏறுமோ அவ்வளவையும் ஏற்றிக்கொண்டு ஓட்டுங்கள். எத்தனை வினாடியில் எழுகிறது, எந்த வேகத்தில் மறுபடி அமுங்குகிறது, வளைக்கும்போது பின்னால் உறுமல் சத்தம் வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரிய போட்டில் சைலன்சர் இல்லாத புகைக்குழாய் என்றால் அந்தச் சத்தத்தில் குழந்தை ஒரு மணி நேரம் இருக்குமா என்பதும் அன்றே தெரிந்துவிடும்.

வாங்கிய பிறகு எந்தச் சமரசமும் கூடாத சிலது உண்டு. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும் முன் குறைந்தது 4 நிமிஷம் இன்ஜின் அறைக் காற்றை வெளியே தள்ளும் புளோயர் ஓட வேண்டும், உள்ளே தேங்கும் பெட்ரோல் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். இன்ஜின் ஓடும்போது பின்மேடையில் யாரும் உட்காரவோ அதைப் பிடித்துத் தொங்கவோ கூடாது, புரொப்பெல்லர் ஒரு காரணம், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இன்னொரு காரணம், திறந்தவெளியிலும் அது ஆளை மயக்கித் தண்ணீரில் தள்ளும். 26 அடிக்குக் குறைவான போட்டுகளில் ஓட்டுகிறவர் இன்ஜினை நிறுத்தும் கயிற்றைத் தன் மேல் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. 26 அடிக்கு அது பொருந்தாது என்றாலும் மாட்டுங்கள். 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் ஓடும் போட்டில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இருக்கக் கூடாது. அக்காவுக்கும் ஒன்று, அன்றைக்கு மட்டும் புடவை வேண்டாம், சுடிதார் போதும்.

என் முடிவு 24 அடி பௌரைடர்தான், மாப்ளே. போட்டைச் சோதித்துப் பார்க்கும் சர்வேயரின் ரிப்போர்ட்டும் கம்ப்ரெஷன் நம்பரும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன், அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே.