அமெரிக்க காலனிக்காரங்க ஏன் இங்கிலாந்தை எதிர்த்தாங்க? 'வரி'ன்னு ஒரே வார்த்தைல முடிக்காம படிக்கிறது எப்படி

ஒன்பதாவது சமூக அறிவியல்ல ஆரம்பிச்சு போட்டித் தேர்வு வரைக்கும் இந்தக் கேள்வி வந்துக்கிட்டே இருக்கும், பசங்க எழுதுற பதிலும் அதேதான்: வரி போட்டாங்க, கோபத்துல டீயைக் கடல்ல கொட்டினாங்க, சண்டை போட்டு சுதந்திரம் வாங்கிட்டாங்க. நான் ரொம்ப வருஷமா இதைச் சொல்லிக் கொடுக்கறேன், அந்தப் பதிலைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். 1773ல அந்த டீயோட விலை குறைஞ்சுதான் இருந்துச்சு, விலை குறைஞ்ச டீயை எதுக்குப்பா கடல்ல கொட்டணும்? இதுக்குப் பதில் தெரிஞ்சுட்டா மீதி எல்லாம் தானா விளங்கிடும், அதுக்கு நான் சொல்லிக் கொடுக்கற வழி இதுதான்.

முதல்ல நம்ம மனசுல இருக்கற படத்தை கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. காலனின்னு சொன்னதுமே நமக்கு கட்டபொம்மனும் வ.உ.சி.யும்தான் ஞாபகம் வருவாங்க, வெளியில இருந்து வந்தவன் ஆள்றான், மண்ணுக்காரன் எதிர்க்கறான். அமெரிக்காவுல கதை வேற. அங்க எதிர்த்தவங்கள்ல பெரும்பாலானவங்க பிரிட்டன்ல இருந்து போய்க் குடியேறினவங்களோட பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க. உண்மையான மண்ணுக்காரங்களான பூர்வகுடிங்களை அவங்களே துரத்திக்கிட்டு இருந்தாங்க. அதனால இதை ஒரு பங்காளிச் சண்டையா நினைச்சுப் படிங்க, "நானும் இங்கிலீஷ்காரன்தானே, லண்டன்ல இருக்கறவனுக்கு இருக்கற உரிமை எனக்கு ஏன் இல்ல"ங்கறதுதான் அவங்க முதல் பேச்சு, சுதந்திரம்ங்கற வார்த்தை ரொம்பப் பின்னாடிதான் வருது.

அடுத்து ஒரு பேப்பர் எடுத்து வருஷங்களை எழுதுங்க, ஆனா சுதந்திரம் அறிவிச்ச 1776ல ஆரம்பிக்காதீங்க, 1763ல ஆரம்பிங்க. அதுக்கும் மேல ஒரு வரி தனியா எழுதிக்கங்க: 1619லயே வர்ஜீனியாவுல தேர்ந்தெடுத்த சபை கூடிடுச்சு. அதாவது 140 வருஷத்துக்கும் மேல அந்த மக்கள் தங்களோட வரியைத் தாங்களே சபையில பேசி முடிவு பண்ணிப் பழகிட்டாங்க, நிறைய காலனிகள்ல கவர்னருக்கே சம்பளம் அந்த சபைதான் கொடுக்கணும். லண்டனும் ரொம்ப காலம் பெருசா தலையிடல. இந்தப் பழக்கத்தைப் பிடிச்சுக்கங்க, பின்னாடி வர்ற ஒவ்வொரு சட்டமும் இதைத்தான் கடிக்கப் போகுது.

1756ல இருந்து 1763 வரைக்கும் பிரான்ஸோட நடந்த போர்ல இங்கிலாந்து ஜெயிச்சுது, ஆனா கடன் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடுச்சு, அமெரிக்காவுல சுமார் பத்தாயிரம் சிப்பாய்ங்களை வேற நிறுத்தி வைக்க முடிவு பண்ணாங்க. யார் காசு கொடுப்பா? லண்டன் பக்க நியாயத்தையும் கண்டிப்பா எழுதுங்க, ஏன்னா இங்கிலாந்துல இருந்தவங்க காலனிக்காரங்களை விட ரொம்ப அதிகமா வரி கட்டிக்கிட்டு இருந்தாங்க, மான்செஸ்டர் மாதிரி ஊருக்குக் கூட அப்ப பார்லிமென்ட்ல தனி உறுப்பினர் கிடையாது. வரியோட தொகைதான் பிரச்சனைன்னா அமெரிக்காக்காரன் புலம்ப இடமே இல்ல.

இப்ப ஒவ்வொரு வருஷத்துக்குப் பக்கத்துலயும் "எவ்வளவு"ன்னு எழுதாம "முன்னாடி யார் கையில இருந்தது, இப்ப யார் கைக்குப் போச்சு"ன்னு எழுதிப் பாருங்க. 1763ல அப்பலாச்சியன் மலைக்கு மேற்கால யாரும் குடியேறக் கூடாதுன்னு ராஜா அறிவிச்சார், நிலம் யாருக்குன்னு முடிவு பண்றது லண்டனுக்குப் போச்சு. 1764ல வெளிநாட்டு வெல்லப்பாகு மேல இருந்த வரியை ஒரு கேலனுக்கு 6 பென்ஸ்ல இருந்து 3 பென்ஸா குறைச்சாங்க, பாதியா குறைச்சும் கோபம் வந்துச்சு, ஏன்னா பழைய 6 பென்ஸை யாரும் ஒழுங்கா கட்டினதே இல்ல, இந்த 3 பென்ஸை கறாரா வசூல் பண்ண ஆரம்பிச்சாங்க, மாட்டினவனை ஜூரி (ஊர்க்காரங்களே உட்கார்ந்து தீர்ப்பு சொல்றது) இல்லாத கடல் கோர்ட்ல விசாரிக்கலாம்னும் வச்சாங்க. 1765ல முத்திரை வரி. பேப்பர், பத்திரம், லைசென்ஸ், சீட்டுக்கட்டு எல்லாத்துக்கும் முத்திரை வேணும், இது போய் விழுந்தது வக்கீல், பத்திரிகை அடிக்கறவன், வியாபாரி தலையில, ஊர்ல பேசவும் எழுதவும் தெரிஞ்ச அத்தனை பேரும் ஒரே நேரத்துல அடிபட்டாங்க. 9 காலனிக்காரங்க நியூயார்க்ல கூடினாங்க, இங்கிலீஷ் சாமானை வாங்க மாட்டோம்னாங்க, 1766ல வரியை வாபஸ் வாங்கினாங்க. ஆனா அதே வேளையில "எந்த விஷயத்துலயும் உங்களுக்கு சட்டம் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு"ன்னு பார்லிமென்ட் தனியா ஒரு சட்டம் போட்டுச்சு பாருங்க, அதை அடிக்கோடு போடுங்க. 1767ல கண்ணாடி, ஈயம், பெயின்ட், பேப்பர், டீ மேல வரி, அந்தக் காசுல கவர்னருக்கும் ஜட்ஜுக்கும் சம்பளம் கொடுக்கலாம்னாங்க, அதாவது சபை கையில இருந்த கடைசி பிடியும் போச்சு. 1770ல டீயைத் தவிர மத்ததை எடுத்துட்டாங்க. டீ வரியை விட்டு வச்சது பணத்துக்காக மட்டும் இல்ல, அதிகாரம் எங்களுதுன்னு காட்டத்தான்.

இப்ப அந்த டீக்கு வாங்க. கிழக்கிந்தியக் கம்பெனி, ஆமா நம்ம மெட்ராஸ்ல கோட்டை கட்டின அதே கம்பெனி, கடன்ல முங்கிக் கிடந்துச்சு, லண்டன் குடோன்ல சீனா டீ தேங்கிக் கிடந்துச்சு. 1773 சட்டப்படி கம்பெனி தானே நேரா அமெரிக்காவுக்கு அனுப்பி, தான் பொறுக்கின ஏஜென்ட் மூலமா விக்கலாம். இங்கிலாந்துல கட்ட வேண்டிய வரி இல்லாததால அமெரிக்காவுல அந்த 3 பென்ஸ் வரியைச் சேர்த்தாலும் விலை குறைவுதான். உள்ளூர் வியாபாரி பொழப்பு போச்சு, பாஸ்டன்ல ஏஜென்ட் ஆனவங்கள்ல கவர்னர் ஹட்சின்சனோட ரெண்டு பசங்களும் இருந்தாங்க. எல்லாத்துக்கும் மேல, குடிச்சா வரியை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். 1770 வங்காளப் பஞ்சத்தப்ப கம்பெனி நடந்துக்கிட்ட விதமும் அங்க தெரிஞ்சிருந்துச்சு, பென்சில்வேனியா வக்கீல் ஜான் டிக்கின்சன் கம்பெனி ஆசியாவுல பண்ணதைச் சொல்லியே மக்களை எச்சரிச்சார். அதைப் படிச்சப்ப எனக்கு மனசு கனத்துப் போச்சு, நம்ம பக்கத்து சாவு அங்க ஒரு வாதமா போய் நின்னிருக்கு. டிசம்பர் 16 ராத்திரி 342 பெட்டி கடலுக்குப் போச்சு.

பதிலுக்கு 1774ல லண்டன் பாஸ்டன் துறைமுகத்தை மூடுச்சு, பாஸ்டன் இருக்கற மாசச்சூசெட்ஸ் காலனி சபையோட அதிகாரத்தையும் வெட்டுச்சு. தப்பு பண்ணது சில பேர், தண்டனை ஊருக்கே. பக்கத்து காலனிக்காரனுக்கு "நாளைக்கு நமக்கும் இதுதான்"னு பயம் வந்தது இங்கதான்.

எதிர்ப்பையும் சுதந்திரத்தையும் தனித்தனியா எழுதுங்க, நிறைய பேர் குழப்பிக்கற இடம் இது. 1774 செப்டம்பர்ல பிலடெல்பியாவுல கூடின 12 காலனிங்க தனி நாடு கேக்கல, பழைய உரிமையைத்தான் கேட்டாங்க. 1775 ஏப்ரல் 19 லெக்சிங்டன்ல துப்பாக்கி வெடிச்சுது, அதுக்கப்புறமும் ஜூலைல ராஜாவுக்கு சமாதான மனு போச்சு, கப்பல்ல போய்ச் சேரவே வாரக்கணக்கா ஆகும், ராஜா ஆகஸ்ட் 23லயே கலகக்காரங்கன்னு அறிவிச்சுட்டார், மனுவை வாங்கவே இல்ல. 1776 ஜனவரில தாமஸ் பெயின் எழுதின சின்னப் புத்தகம் ராஜா எதுக்குன்னே கேட்டுச்சு. தூரம் எவ்வளவு பெரிய விஷயம்னு புரியணும்னா நம்ம கடலூரைப் பாருங்க: இந்தப் போர்ல பிரான்ஸ் அமெரிக்கா பக்கம் சேர்ந்ததால சண்டை இங்கயும் வந்துச்சு, 1783 ஜனவரில ஐரோப்பாவுல சண்டை நிறுத்தம் ஆயிடுச்சு, சேதி வராம ரெண்டு பக்க சிப்பாய்ங்களும் ஜூன்ல கடலூர்ல செத்துக்கிட்டு இருந்தாங்க.

சுதந்திரப் பிரகடனத்தை தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ எடுத்து புகார்களை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்க, 27 வரும். சம்மதம் இல்லாம வரி போட்டதுங்கறது அதுல ஒண்ணே ஒண்ணு! மீதி சபையைக் கலைச்சது, ஜட்ஜைக் கையில வச்சுக்கிட்டது, ஜூரியைப் பறிச்சது, பட்டாளத்தை நிறுத்தினது இப்படியே போகும். கடைசிப் புகார்ல பூர்வகுடிங்களை ஈவு இரக்கம் இல்லாத காட்டுமிராண்டிங்கன்னு திட்டியிருக்காங்க, அதையும் விடாம படிங்க.

கடைசியா, யார் கலகம் பண்ணலன்னு ஒரு பட்டியல் போடுங்க, நல்ல மார்க் இங்கதான் இருக்கு. கரீபியன் தீவுகளான ஜமைக்காவும் பார்படோஸும் பிரிட்டிஷ் காலனிங்கதான், அங்கயும் முத்திரை வரி வந்துச்சு, ஆனா அவங்க சர்க்கரை விக்கறது லண்டன்ல, தங்களை விடப் பல மடங்கு அதிகமான அடிமைங்களுக்கு நடுவுல வாழ்ந்தாங்க, ஜமைக்காவுல 1760லயே பெரிய அடிமைக் கலகம் வெடிச்சிருக்கு, ராஜாவோட பட்டாளம் இல்லாம அவங்களால தூங்க முடியாது. இப்ப கனடாவுல இருக்கற கியூபெக்கும் நோவா ஸ்கோஷியாவும் சேரல. கலகம் பண்ணின 13 காலனிக்குள்ளயே ராஜா பக்கம் நின்னு, தோத்ததும் ஊரை விட்டுப் போனவங்க பல ஆயிரம் பேர். 1775 நவம்பர்ல வர்ஜீனியா கவர்னர் டன்மோர், கலகக்காரங்களோட அடிமைங்க தன் பக்கம் வந்து சண்டை போட்டா விடுதலைன்னு சொன்னதும் நூத்துக்கணக்குல ஓடிப் போனாங்க, அவங்களுக்கு விடுதலை இருந்தது பிரிட்டிஷ் கொடிப் பக்கம். பதில் எழுதும்போது இந்த ஜமைக்கா, டன்மோர் ரெண்டையும் எப்படியாவது நாலு வரில கொண்டு வந்துடுங்க, இடம் பத்தலன்னா பாஸ்டன் கதையைச் சுருக்கிக்கலாம்.